மூக்கால் உழும் விலங்குக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

1970களின் கடைசியில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே, பைன் மரங்களும் முட்புதர்களும் ஓடையும் சேற்றுப் பள்ளமும் இருந்த ஒரு நிலத்தை வேலியடைத்து, அலெக்ஸ் ஸ்டோல்பா, டேவிட் வுட்-கஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதில் பன்றிகளை விட்டார்கள். பண்ணைக்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வெள்ளைப் பன்றிகள் அவை. காட்டைக் கண்டறியாதவை. தீவனம் தினமும் வைக்கப்பட்டது. இருந்தும் பகற்பொழுதில் ஏறக்குறைய பாதியைப் புல் மேய்வதிலும் மண்ணைக் கிளறுவதிலும் கழித்தன. குட்டி ஈனும் நாள் நெருங்கியதும் தாய்ப்பன்றி கூட்டத்தை விட்டு விலகி வெகுதூரம் நடந்தது. ஒதுக்குப்புறமாக ஓர் இடம் பார்த்து, புல்லையும் குச்சியையும் வாயில் கவ்விவந்து கூடு கட்டியது. அதற்கு யாரும் அதைக் கற்றுத் தரவில்லை.

இதே இனத்துப் பன்றியைத்தான் தொழில்முறைப் பண்ணைகள் சுமார் 60 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தன. சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள். அத்தனை நாளும் அதனால் திரும்பி நிற்கக்கூட முடியாது. பிரிட்டன் அந்தக் கூண்டை 1999-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், சினைப்பட்ட முதல் நான்கு வாரமும் ஈனுவதற்கு முந்தைய கடைசி வாரமும் தவிர மற்ற நாள்களில் அதைத் தடுத்தது. பன்றியை வெளியே விட வேண்டும் என்ற பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன். அந்தப் பக்கத்தில் நிற்பதாலேயே, வெளியே விட்ட பிறகு நிலத்துக்கும் நீருக்கும் அந்தப் பன்றிக்குமே என்ன நேர்கிறது என்பதை மழுப்பாமல் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பசும்புல்லில் பன்றி நிற்கும் படத்தை இறைச்சிப் பொட்டலத்தில் அச்சிடுவது சுலபம். அந்தப் புல்லை ஆறு மாதம் கழித்தும் அங்கே இருக்கச் செய்வது மிகக் கடினம்.

பன்றியின் மூக்கிலிருந்தே தொடங்கலாம். நுனியில் வட்டத் தட்டு. அதற்குள் ஒரு தனி எலும்பு; அது குருத்தெலும்பைத் தாங்கி நிற்பதால் அந்தத் தட்டைக் கொண்டு இறுகிய மண்ணையும் கிளப்ப முடிகிறது. தட்டின் தோல் ஈரமானது, நரம்பு முனைகள் அடர்ந்தது; மண்ணுக்குள் இருக்கும் ஒரு புழுவின் அசைவையும் உணரக்கூடியது. மாடு புல்லின் தலையைச் சுருட்டி இழுக்கும், ஆடு கடித்து எடுக்கும். இரண்டும் வேரை விட்டுவிடுகின்றன, புல் மறுபடி தழைக்கிறது. பன்றியும் புல்லைக் கடிக்கும். ஆனால் கடித்த கையோடு மூக்கை மண்ணுக்குள் செருகி, கழுத்தின் பலத்தால் ஒரு தள்ளு தள்ளி, வேரோடு பெயர்த்துப் புரட்டிப் போட்டுவிடும். ஈரமான களிமண்ணில் இருபது பன்றிகள் ஒரு மழைக்காலம் நின்றால் அங்கே மிஞ்சுவது சேறு மட்டும். கோடையில் அந்தச் சேறு காய்ந்து பாளம் பாளமாக இறுகும். அடுத்த மழை அதனுள் இறங்காமல் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடும்.

இதற்கு ஐரோப்பியர் நெடுங்காலமாகக் கையாளும் மருந்து மூக்குவளையம். மூக்கின் நடுத்தண்டில் ஒரு வளையம், அல்லது தட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று கம்பிக் கொக்கிகள். கிளறும்போதெல்லாம் வலிக்கும், வலிப்பதால் கிளறுவது குறையும், புல் பிழைக்கும். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் இன்றும் இலையுதிர் காலத்தில் ஊரார் தங்கள் பன்றிகளை அவிழ்த்துவிடும் உரிமை தொடர்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும் பச்சை ஓக் கொட்டைகளைப் பன்றிகள் தின்று தீர்ப்பதால் எல்லோருக்கும் அதில் நன்மை. அங்கேயும் வளையம் போட்ட பின்தான் காட்டுக்குள் அனுமதி. பிரிட்டனின் கரிம வேளாண் தரச் சான்றில் முக்கியமான மண் சங்கத்தின் விதிகள் வளையத்தை ஏற்பதில்லை. எனக்கு அந்த விதிதான் சரியென்று படுகிறது. கிளறுவதற்காகவே பன்றியை வெளியே விடுகிறோம் என்று சொல்லிவிட்டு, கிளறினால் வலிக்கும்படி மூக்கில் கம்பியைக் கோப்பது எந்த விதத்தில் நியாயம்? வளையமில்லாமல் தாங்காத நிலத்தில் பன்றியின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது அங்கே பன்றி வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும்.

மூக்குக்கு அடுத்தது வயிறு. மாட்டுக்கு இருக்கும் அசைபோடும் நான்கறை வயிறு பன்றிக்கு இல்லை. நார்ச்சத்தைப் பெருங்குடலில் ஓரளவு நொதிக்க வைக்கும், அவ்வளவுதான். சினையாக நிற்கும் முதிர்ந்த தாய்ப்பன்றி நல்ல தீவனப்புல்லிலிருந்தும் குதிரை மசாலிலிருந்தும் தன் தேவையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். வேகமாக வளரும் இளம்பன்றிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது காணாது. முக்கியமாக லைசின் என்ற அமினோ அமிலம் போதாமல் போகும்; வளர்ச்சி நின்றுவிடும். எனவே மேய்ச்சல் நிலத்துப் பன்றியும் பெரும்பாலும் மூட்டைத் தீவனத்தில்தான் வாழ்கிறது: கோதுமை, வாற்கோதுமை, பெரும்பாலும் கடல் கடந்து வந்த சோயாப் பிண்ணாக்கு. குளிரைத் தாங்கவும் நடமாடவும் ஆற்றல் செலவாவதால், கொட்டிலில் இருப்பதைவிட அதிகமாகவே தின்னும். தரையில் கொட்டும் தீவனத்தில் ஒரு பங்கை அண்டங்காக்கைகளும் கடற்காகங்களும் கொண்டுபோகும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மற்ற எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. மேய்ச்சல் மாடு அந்த நிலத்துப் புல்லைத் தின்று அதே நிலத்தில் சாணி போடுகிறது. வெளியிலிருந்து பெரிதாக எதுவும் வருவதில்லை. பன்றி நிலத்துக்கோ மூட்டை மூட்டையாக வெளிச் சத்து வந்து இறங்குகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் தீவனத்தின் வழியே வந்து, சாணமாகவும் சிறுநீராகவும் அந்தச் சிறு பரப்பில் சேர்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டிய புல்லைப் பன்றியே பெயர்த்துப் போட்டுவிட்டது. மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மழையோடு நிலத்தடி நீரில் இறங்குகிறது.

இந்தக் கணக்கை இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியைப் போல வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் பார்க்க முடியாது. பிரிட்டனின் தாய்ப்பன்றிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் திறந்தவெளியில் குட்டி போடுகின்றன. நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் சாலையோரமாகப் போனால், கவிழ்த்த அரைவட்டத் தகரக் குடில்கள் வரிசை வரிசையாக வயலில் நிற்பதைக் காணலாம். அங்கே மண் மணற்பாங்கானது, நீர் நிற்காது. மழையும் நாட்டின் மற்ற பகுதிகளைவிடக் குறைவு. ஆண்டு மழை 750 மில்லிமீட்டருக்கு மேல் போகும் ஊரில் இந்த வேலையில் இறங்காதே என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. அடர்த்தி ஹெக்டேருக்கு 25 தாய்ப்பன்றிக்கு மேல் போகக்கூடாது என்பதும் அப்படித்தான்.

பெரும்பாலான பன்றிக்காரர்களுக்கு அங்கே சொந்த நிலம் கிடையாது. தானியமும் சர்க்கரைக் கிழங்கும் விளைவிக்கும் விவசாயியிடம் வயலை ஓரிரு ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுப்பார்கள். அறுவடை முடிந்த தாளடியில் குடில்களை இறக்குவார்கள். காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த வயலுக்குப் போவார்கள். உரம் ஏறிய நிலத்தில் மறுபடி கோதுமை வரும். அறுப்பு முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. அதில்தான் எல்லாம் இருக்கிறது. கிடை ஓரிரு இரவில் இடம் மாறிவிடும். பன்றி ஓராண்டு, இரண்டாண்டு அதே வயலில் நிற்கும். கிடையில் ஆடுகள் பரவலாகப் புழுக்கை போட்டுப் போகும். பன்றி சுத்தம் பார்க்கும் விலங்கு. படுக்கும் இடத்தையும் தின்னும் இடத்தையும் விட்டுத் தள்ளி, குறிப்பிட்ட சில இடங்களில் போய்க் கழிக்கும். அதனால் ஒரே வேலிக்குள் ஒரு மூலை உரத்தில் வெந்துகிடக்கும், இன்னொரு மூலை வெறும் மணலாக இருக்கும். சராசரி போட்டால் கணக்கு பாதகமில்லாமல் தெரியும். நிலத்தடி நீருக்குச் சராசரி தெரியாது. வெந்த மூலையிலிருந்துதான் நைட்ரேட் கீழே இறங்குகிறது.

டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலில்தான் பல ஆண்டாக உழைத்து வருகிறார்கள். குட்டி போட்ட தாய்கள் நின்ற பாத்திகளில் ஹெக்டேருக்குப் பல நூறு கிலோ தழைச்சத்து மிகையாகத் தேங்கியதை அளந்தார்கள். ஐரோப்பிய கரிம வேளாண் விதி அனுமதிப்பது ஆண்டுக்கு 170 கிலோ எருத் தழைச்சத்து. அவர்கள் முயன்ற வழிகளில் ஒன்று எளிமையானது: குடிலையும் தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் அடிக்கடி நகர்த்து. தொட்டி நகர்ந்தால் கழிக்கும் இடமும் நகரும். இன்னொன்று மரம். வேலிக்குள் பாப்லார் மர வரிசைகளை நட்டார்கள். பன்றி கிளறி எட்ட முடியாத ஆழத்தில் வேர்விட்டு அந்த மரங்கள் தழைச்சத்தை உறிஞ்சுகின்றன, நிழல் தருகின்றன, சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி எரிபொருளாக விற்கவும் செய்யலாம். பன்றிகளும் மர வரிசைக்குள்ளேயே போய்க் கழிப்பதை விரும்பின என்பது எதிர்பாராத ஆதாயம். மூன்றாவது, மூக்கையே வேலைக்கு வைப்பது: நிலத்தில் கிழங்குப் பயிரையும் குதிரை மசாலையும் விதைத்துவிட்டு, பன்றியைத் தானே அறுவடை செய்ய விடுவது. தீவன மூட்டை குறைகிறது, வெளியிலிருந்து வரும் சத்தும் குறைகிறது. ஆயினும் வளர்ச்சி மெதுவாகும். நிலம் கூடுதலாக வேண்டும்.

வெயிலும் குளிரும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பன்றிக்கு வியர்வை வழியே உடலைக் குளிர்விக்கும் திறன் இல்லை என்றே சொல்லலாம். சேறுதான் அதன் வியர்வை; வெறும் நீரைவிடத் தோலில் ஒட்டிய சேறு மெதுவாக உலர்வதால் குளிர்ச்சி நெடுநேரம் நிற்கும், வெயிலையும் தடுக்கும். சேற்றுக்குழியும் நிழலும் இல்லாத வயலில் வெள்ளைப் பன்றியின் முதுகு வெந்து கொப்புளிக்கும். கோடையில் சினை கலைவதும் சினை பிடிக்காமல் போவதும் அதன் தொடர்ச்சி. கருந்தோல் இனங்களும் அவற்றின் கலப்புகளும் வெளியில் தாக்குப்பிடிக்க இதுவே முதல் காரணம்.

குட்டிகளின் நிலை வேறு. பிறந்த பன்றிக்குட்டிக்குக் கிட்டத்தட்ட 34 டிகிரி வெப்பம் தேவை. மற்ற பல விலங்குக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு இதற்கு இல்லை. பிப்ரவரி இரவில் நார்ஃபோக் வயலில் தகரக் குடிலுக்கு வெளியே நீர்க்குழாய் உறைந்திருக்கும். உள்ளே உலர்ந்த வைக்கோல் ஓரடிக்குக் கிடந்தால், தாயின் உடற்சூட்டில் அதற்குள் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். வைக்கோல் நனைந்திருந்தால் பிழைக்காது. வாசலில் ஒரு குறுக்குப் பலகை. தாய் அதைத் தாண்டிப் போய்வரும், முதல் சில நாள் குட்டிகளால் தாண்ட முடியாது. அந்தப் பலகை விழுந்துவிட்டால் குட்டி வெளியே உருளும். நரிக்கும் காக்கைக்கும் இரையாகும். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் தாய் படுக்கும்போது அடியில் சிக்கி நசுங்கும் குட்டிகளும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, திறமையாக நடக்கும் வெளிப்பண்ணைகளில் குட்டி இழப்பு கூண்டுப் பண்ணையோடு ஒப்பிடும்படியே இருக்கிறது. நல்ல தாய்மைக் குணமுள்ள இனத்தைத் தேர்வதும், வைக்கோலை நாள்தோறும் தொட்டுப் பார்க்கும் ஆளும்தான் அதற்குக் காரணம். மண்ணைத் தின்பதால் அந்தக் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசியும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வாலைக் கடிப்பது அரிது, அதனால் வாலை நறுக்க வேண்டியதும் இல்லை. வெளியே விடுவதன் பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் கண்கூடாகத் தெரிகிறது.

நிலத்தில் சேரும் இன்னொரு சுமை புழு முட்டை. பன்றியின் உருண்டைப்புழு ஒன்று நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். தடித்த ஓடுள்ள அந்த முட்டைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில், சில முட்டைகள் பத்தாண்டு வரைகூட, உயிரோடு கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வயலை மாற்றினால் புழு ஒழியும் என்ற நம்பிக்கை இந்தப் புழுவிடம் செல்லாது. மூன்று நான்கு ஆண்டு கழித்து அதே வயலுக்குத் திரும்பும் பன்றிக்கு முந்தைய கூட்டம் விட்டுப்போன முட்டைகள் காத்திருக்கும். குடலில் பொரித்த இளம்புழு கல்லீரல் வழியே பயணப்பட்டு வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். இறைச்சிக்கூடத்தில் அந்த ஈரல் கழிக்கப்படும். குடற்புழு மருந்து உண்டு. கரிமப் பண்ணைகளில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மற்ற இடங்களிலும் மருந்து பன்றியைத்தான் சுத்தப்படுத்துமே தவிர மண்ணை அல்ல.

புழுவைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் வேறொரு காட்சி எழும். இங்கே வெளியே திரியும் பன்றி என்றால் சாக்கடையோரப் பன்றி. அதற்கும் மேய்ச்சல் நிலப் பன்றிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாடாப்புழுவின் சுழற்சி மனித மலத்தைப் பன்றி தின்பதில் தொடங்குகிறது. புழுவின் முட்டை கலந்த நீரோ காய்கறியோ மனிதர் வயிற்றுக்குள் போனால், நீர்க்கட்டிகள் மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்த நோயைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. வயல்வெளிக் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இந்தியாவில் முதலில் இனங்காணப்பட்டது 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான்; அந்தக் கிருமி பெருகும் உடல்களில் பன்றியும் ஒன்று. இந்தப் பின்னணியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையமும் வெண்பன்றிகளைக் கொட்டிலில் வைத்து வளர்க்கும் முறையைப் பரப்பியதைக் குறை சொல்ல முடியாது. கழிப்பறையும் வேலியும் இல்லாத இடத்தில் திறந்தவெளி வளர்ப்பை விலங்கு நலம் என்று அழைக்கக் கூடாது. நெல் வயலும் தேங்கிய நீரும் சூழ்ந்த ஊரில் வேலி கட்டினாலும் கொசுவின் கணக்கு அப்படியே இருக்கும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் இடத்தேர்வாலும் உழைப்பாலும் ஓரளவு விடை காணலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு வகை. ஆப்பிரிக்காவில் காட்டுப்பன்றி இனங்களோடும் உண்ணிகளோடும் சாதுவாக வாழ்ந்த அந்த வைரஸ் 1957-இல் லிஸ்பனில் கால் வைத்தது. 1960-இல் மீண்டும் வந்து ஐபீரியத் தீபகற்பம் முழுவதும் பரவியது. ஸ்பெயின் அதை ஒழிக்க 1995 வரை ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு விடை, மேய்ச்சல் நிலங்களில் இருந்த பழைய கல்கட்டுப் பன்றிக் கொட்டில்களின் சுவர் இடுக்குகளில் கிடைத்தது. அங்கே ஒருவகை மெல்லுண்ணி வாழ்கிறது. பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் உறங்கும் பன்றியிடம் அரைமணி நேரம் இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும். பன்றியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கும்; உடலுக்குள் வைரஸும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். 1999-இல் போர்ச்சுகலில் நோய் மறுபடி தலைகாட்டியதற்கு அப்படிப்பட்ட ஒரு பழைய கொட்டிலைத்தான் காரணமாகக் கண்டார்கள். கொட்டில்களை இடித்த பிறகே நோய் ஓய்ந்தது. அந்த ஓய்வும் நிரந்தரமாக இல்லை: 2025 நவம்பரில் பார்சிலோனாவை ஒட்டிய காட்டுப்பன்றிகளில் ஸ்பெயின் அதை மறுபடி கண்டது.

சார்டினியாத் தீவில் நடந்தது இன்னும் கசப்பானது. 1978-இல் அங்கே நுழைந்த நோய் நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தங்கிவிட்டது. மலைப்பகுதிகளில் ஊர்ப் பொதுநிலத்தில் பன்றிகளைக் கட்டில்லாமல் திரியவிடுவது பழைய வழக்கம். அந்தப் பதிவில்லாப் பன்றிகள் காட்டுப்பன்றியோடும் பண்ணைப்பன்றியோடும் கலந்து நோயை உயிரோடு வைத்திருந்தன. கடைசியில் அரசு அவற்றைத் தேடித்தேடி அழித்த பிறகே, 2024-இல் தீவின்மீதான வணிகத் தடைகள் நீங்கின. ஒரு மேய்ச்சல் மரபு முழுவதும் அதற்கு விலையாகப் போனது.

2007-இல் ஜார்ஜியாவின் துறைமுகம் வழியாக வந்த புதிய அலை 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் 2018-இல் சீனாவுக்குள்ளும் 2020-இல் அசாம், அருணாச்சலப் பிரதேசத்துக்குள்ளும் புகுந்தது. 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் தெரிந்தது. காட்டுப்பன்றி வேலியோரம் வந்து மூக்கோடு மூக்கு உரசினாலே போதும். எஸ்டோனியா பன்றிகளைத் திறந்தவெளியில் வைப்பதையே தடை செய்தது. பிரான்ஸ் 2018-இல் இரட்டை வேலியைக் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. நார்ஃபோக் பண்ணையில் இரண்டு மின்கம்பி போதும். உயிரைப் பறிக்காத, அதிர்ச்சி மட்டும் தரும் வேலி அது. பன்றி மண்ணைக் கிளறிக் கீழ்க்கம்பியை மூடிவிடுவதைத் தினமும் சரிசெய்வதே அங்கே பெரிய வேலை. அதையே இரட்டை வலைவேலியாக, இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னால், வயல் வயலாக நகரும் முறையே நின்றுபோகும். நகர்வதுதான் மண்ணைக் காப்பது. நகராத வேலிதான் நோயைத் தடுப்பது. இந்த முரணுக்கு இன்றுவரை நல்ல விடை இல்லை. பிரிட்டனில் வெளிப்பண்ணைகள் இவ்வளவு பெருகியதற்குப் பெரும்பகுதித் தீவில் காட்டுப்பன்றி இல்லாததும் இந்த நோய் இன்னும் எட்டாததும் பெருங்காரணம் என்பதைப் பலர் சொல்வதில்லை.

பிறகு இந்த முறை எங்கேதான் வெல்கிறது? பெரும்பாலோர் கைகாட்டுவது ஸ்பெயினின் எக்ஸ்ட்ரிமதுரா, அந்தலூசியா பகுதிகளில் உள்ள தெஹேசா என்ற மரச்சோலை மேய்ச்சல் நிலங்களை. ஹோம் ஓக், கார்க் ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அடியில் புல். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை உதிரும் கொட்டைகளைக் கருத்த ஐபீரியப் பன்றிகள் மேய்கின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்துக் கிலோ வரை தின்னும். ஓட்டைப் பற்களால் உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். கொட்டையில் புரதம் குறைவு. அதை ஈடுகட்டப் புல்லையும் கடிக்கும். 2014-ஆம் ஆண்டின் அரசாணை இதையெல்லாம் எண்ணில் கட்டிவைத்திருக்கிறது: பன்றி 92 முதல் 115 கிலோ எடையில் சோலைக்குள் போக வேண்டும், 60 நாளுக்கு மேல் அங்கே இருக்க வேண்டும், குறைந்தது 46 கிலோ ஏற வேண்டும். அடர்த்தி மரநிழலின் அளவைப் பொறுத்து ஹெக்டேருக்குக் கால் பன்றியிலிருந்து அதிகபட்சம் ஒன்றேகால் பன்றி. அந்த ஆண்டு எவ்வளவு கொட்டை விளைந்திருக்கிறது என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத்தான் எண்ணிக்கை முடிவாகிறது.

ஹெக்டேருக்கு ஒன்றேகால். நார்ஃபோக்கின் இருபத்தைந்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெஹேசாவின் இரகசியம் விளங்கும். அங்கே தழைச்சத்து மிஞ்சுவதில்லை, ஏனெனில் வெளித் தீவனம் அந்த மாதங்களில் வருவதில்லை. புல் அழிவதில்லை, பன்றி நெரிசலாக இல்லை, வருடத்தில் பாதிக்கு மேல் நிலம் ஆறுகிறது. அங்கும் மூக்குவளையம் போடும் வழக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெஹேசாவும் நோயிலிருந்து தப்பவில்லை. காட்டுப்பன்றி, மான், மாடு, பன்றி எல்லாம் ஒரே குட்டையில் நீர் குடிப்பதால் மாட்டுக் காசநோய் சுற்றிச் சுற்றி வருகிறது. வேரழுகல் நோய்க்கிருமி ஒன்று பல பத்தாண்டுகளாக ஓக் மரங்களைக் கொன்றுவருகிறது. சோலைக்குள் போகும் முன் அந்தப் பன்றியும் ஏறக்குறைய ஓராண்டு பெரும்பாலும் மூட்டைத் தீவனத்தில்தான் வளர்ந்தது. ஐபீரியன் என்ற பெயரில் விற்கும் இறைச்சியில் பெரும்பகுதி ஓக் கொட்டையைக் கண்டதே இல்லை.

இனி ஒரு சிறு கணக்கு. டென்மார்க்கில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பன்றிகள் உற்பத்தியாகின்றன. நாட்டின் மொத்த விவசாய நிலம் சுமார் 26 லட்சம் ஹெக்டேர். அதாவது கோதுமை, புல், காய்கறி எல்லாம் விளையும் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் ஆண்டுக்குப் பதினோரு பன்றிக்கு மேல். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மேய்ச்சலுக்கு மாறுவோம் என்று பேசுவது வெறும் பேச்சு. பன்றிகள் வெளியே வர வேண்டுமென்றால் அவற்றின் எண்ணிக்கை பெருமளவு குறைய வேண்டும். இறைச்சியின் விலை ஏற வேண்டும். தின்பவர் குறைவாகத் தின்ன வேண்டும். வெளிப்பண்ணைக்காரர்களில் பலர் நொடித்துப்போவதற்குக் காரணம் சேறோ நரியோ அல்ல. கூடுதல் நிலத்துக்கும் ஆளுக்கும் தீவனத்துக்கும் ஆகும் செலவைக் கடை விலை திருப்பித் தராததுதான்.

விலையைக் கொடுக்கச் சம்மதிப்பவருக்கும் உண்மை சொல்லப்படுவதில்லை. பிரிட்டன் கடைகளில் ‘வெளியே பிறந்தது’ என்ற சீட்டு ஒட்டிய இறைச்சி, வயலில் பிறந்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, மீதி வாழ்நாளைக் கொட்டிலில் கழித்த பன்றியுடையது. ‘வெளியே வளர்ந்தது’ என்றால் வாழ்நாளில் ஏறக்குறைய பாதி. ‘திறந்தவெளி’ என்றால் மட்டுமே முழு வாழ்நாளும். அந்தப் பிரிவு மிகச் சிறியது. சொற்களுக்கு வரையறை இருக்கிறது, அதற்குத் தொழில்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் வாங்குபவரில் எத்தனை பேர் அதை அறிவார்கள்? பெரும்பாலோர் பொட்டலத்தின் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

சீட்டில் இடம்பெற வேண்டியவை வேறு: ஹெக்டேருக்கு எத்தனை பன்றி, வெளியே எத்தனை வாரம், மூக்கில் வளையம் உண்டா, அந்த நிலம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பன்றியைக் காண்கிறது. பண்ணைக்காரருக்கு இந்த நான்கும் தெரியும். குத்தகைப் பத்திரத்திலும் தீவனக் கணக்கிலும் இருப்பவைதான். ஸ்பெயின் 2014 முதல் நான்கு நிற முத்திரைகளின் பின்னால் எடை, நாள், அடர்த்தி என்று எண்களை வைத்துப் பரிசோதித்து வருகிறது. ஹாம் என்ற பதப்படுத்திய பன்றித்தொடையில் கட்டிய, கொட்டை தின்றதைக் காட்டும் கறுப்பு முத்திரைக்கும் மூட்டைத் தீவனத்தில் வளர்ந்ததைக் காட்டும் வெள்ளை முத்திரைக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபட்டும் வாங்க ஆள் இருக்கிறார்கள். நார்ஃபோக்கின் தகரக் குடில்களுக்கும் டென்மார்க்கின் பாப்லார் வரிசைகளுக்கும் அதே போன்ற எண்களை எழுதிக் காட்டச் சொல்லிச் சட்டம் கேட்கலாம்.